வெள்ளை வண்டியின் மேல் தப்பில்லை

பாப்பா,

நீ அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்று கலெக்டர் ஆபீஸ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் எடுத்து வந்தேன். ஒரு வாரமாக அது சாப்பாட்டு மேசை மேல்தான் கிடக்கிறது. உன் அம்மா அதன் மேலேயே ரசச் சட்டியை வைத்து எடுக்கிறாள். இரண்டு டீசல் பிக்கப், பதினாறு வரிசை. குதிரைசக்தி, இழுவை, தாங்கும் எடை, மைலேஜ், டயர் அளவு என்று ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் எனக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறாய். "எது வாங்கலாம்ப்பா? நீ சொல்றதுதான் ஃபைனல்." முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அன்றைக்கே போன் போட்டு ஒரு மணி நேரம் உன் காதைப் புண்ணாக்கியிருக்க வேண்டியவன் நான். ஆனால் நீ மூன்று முறை கூப்பிட்டும், குளிக்கிறார் என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒரே வாரத்தில் அத்தனை குளியல் போடுகிற ஆள் நான் இல்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. இரண்டாவது வண்டிக்கு நேராக, கடைசிக் கட்டத்தில் நீ சிவப்பில் எழுதியிருக்கிறாய்: "சித்தப்பா ஓட்டிய கம்பெனி. மலை ஏறாது. வேண்டாம்." மற்ற பதினைந்து வரிசையும் கம்பெனிக்காரர்கள் சொன்னது. இந்த ஒரு வரி மட்டும் நான் சொன்னது. சின்ன வயசிலிருந்து என் வாயால் கேட்டுக் கேட்டு உனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் நீ சென்னை ஆபீஸை விட்டுவிட்டு ஜமுனாமரத்தூரில் போய்க் குடியிருக்கப் போகிறாய். மலைப் பெண்களிடம் சாமையும் புளியும் தேனும் வாங்கி, வாரத்துக்கு மூன்று தடவை அந்த மலைப்பாதையில் நீயே ஓட்டி இறங்கப் போகிறாய், நீயே ஓட்டி ஏறப் போகிறாய். அந்தப் பாதையில் எந்த வண்டி உன்னைக் காப்பாற்றும், எது காலை வாரும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கூடவே வேறொன்றையும் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்து மோசமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் சந்தோஷமான கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் உன் சித்தப்பாவும் ஒரே மாதத்தில் புது வண்டி எடுத்தோம். அதுவரை இரண்டு பேரும் அடுத்தவன் வண்டியில் டிரைவராக இருந்தவர்கள். தம்பி சொன்னான், "ரெண்டு பேரும் ஒரே கம்பெனி வண்டியா எடுத்துக்கலாம்ணா. ஒரு ஸ்டெப்னிய ரெண்டு பேரும் வச்சுக்கலாம், ஸ்பேர் பார்ட்டும் மாத்திக்கலாம்." நல்ல யோசனைதான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வண்டியாக இருந்தால் எது ஒசத்தி என்று எப்படித் தெரியும்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அவன் வெள்ளை எடுத்தான், நான் வேறு கம்பெனியில் நீலம் எடுத்தேன். கோயில் பெரிய கோபுரத்துக்கு எதிரே பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றி, முதல் லோடு ஏற்றும் முன் கிரிவலமாக அண்ணாமலையை ஒரு சுற்றுச் சுற்றி வரக் கிளம்பினோம். செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டுவதற்குள் யார் முன்னால் போவது என்று தகராறு. சாமி சுற்றப் போனவர்கள் போலவா போனோம், ரேஸுக்குப் போனவர்கள் மாதிரி போனோம். அடி அண்ணாமலையில் அப்போது நாம் இருந்த வீட்டு வாசலில் உன் அம்மாவும் சித்தியும் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு வாசலைத் தாண்டியே போய்விட்டோம். திரும்பி வந்ததும் சித்தி சொன்னாள், "கற்பூரம் அணஞ்சு போச்சு. இனிமே அடுத்த வண்டிக்குத்தான்."

அந்த இரண்டு வண்டியையும் இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியும். என் நீலம் சத்தம் கம்மி. வேலூர் ரோட்டில் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். உட்கார்ந்தால் பஸ் சீட்டு மாதிரி சுகமாக இருக்கும். தம்பியுடைய வெள்ளை, ஸ்டார்ட் செய்தாலே ரைஸ் மில் ஓடுகிற மாதிரி இருக்கும். காலியாகப் போனால் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை விறைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆளைத் தூக்கி அடிக்கும். டீசலும் ஜாஸ்தி. ஆனால் லோடு ஏற்றி மேட்டில் விட்டால்தான் அதன் குணம் தெரியும். முதல் கியர் குட்டையானது, வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி. அவசரமே படாது. வயசானவர்கள் படியேறுகிற மாதிரி, மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். என் நீலத்துக்கு முதல் கியர் நீளம். மேட்டில் லோடோடு நின்றுவிட்டால் மறுபடி கிளம்ப கிளட்சைக் கருக்கியாக வேண்டும். இது வண்டி எடுத்த பதினைந்தாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. காஞ்சி ரோடு டீக்கடையில் யாராவது கேட்டால், "வெள்ளை சத்தம் போடும், நீலம் வேலை செய்யும்" என்பேன். தம்பி டீயை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பான். அவன் சிரிக்கிறானே என்று எனக்கு இன்னும் எரியும்.

பௌர்ணமி வந்தால் எங்களுக்கு லீவு. மலை சுற்றும் பாதையில் வண்டி விடமாட்டார்கள், ஊரே கால்நடையாகப் போகும். முதல் நாள் சாயங்காலமே இரண்டு வண்டியையும் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் ஓரங்கட்டிவிடுவோம். மறுநாள் காலையில் வண்டி கழுவும் திருவிழா. நீ ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சக்கரத்து நட்டையெல்லாம் தேய்ப்பாய். எந்த வண்டியின் நட்டு? வெள்ளை வண்டியுடையது. உன் அப்பன் நீல வண்டியைத் தன்னந்தனியாகத் தேய்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பானெட்டையும் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் சண்டை போடுவோம். பாதையில் போகிற வெளியூர்க்காரர்கள் யாரோ இரண்டு பேர் வெட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மத்தியானம் ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் பாப்பா. அதைக் கெடுத்தவன் நான்.

லீவு நாளில் நீ எங்களோடு லோடுக்கு வருவாய். வந்தால் சித்தப்பா வண்டியில்தான் ஏறுவாய். என் வண்டியில் சுகமான சீட்டு, கண்ணாடியில் திரை, எல்லாம் இருக்கும். நீ ஏறமாட்டாய். அவன் பாட்டுப் போடுவான், நீ பேசுவதையெல்லாம் கேட்டு 'அப்புறம், அப்புறம்' என்பான், எல்லாவற்றுக்கும் மேலே உன்னை ஹாரன் அடிக்க விடுவான். எங்களுக்குள் மலைப்பாதைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. முன்னால் போகிற வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். பின்னால் வருகிற வண்டி அந்த வளைவைத் தாண்டியதும் ஒரு முறை பதில் அடிக்கும். பதில் வராவிட்டால் முன்வண்டி அங்கேயே நிற்க வேண்டும், இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். மலையில் லோடு ஓட்டுகிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். பதில் ஹாரன் அடிக்கிற உத்தியோகத்தைத் தம்பி உனக்குக் கொடுத்திருந்தான். நீ அதை கலெக்டர் வேலை மாதிரி பார்த்தாய்.

என் மகள், என் வண்டியில் ஏறாமல் அவன் வண்டியில் ஏறுகிறாள். சிரித்துக்கொள் பரவாயில்லை, ஒன்பது வயசுப் பிள்ளை எந்த கேபினில் ஏறுகிறது என்பதற்காகப் பொறாமைப்பட்டவன் உன் அப்பன். அந்தப் பொறாமைதான் நான் செய்ததற்கு வேர். வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் லீவு. ஜமுனாமரத்தூர் மலை மேல் ஒரு கட்டடத்துக்கு எழுபது மூட்டை சிமெண்ட். ஆளுக்கு முப்பத்தைந்து. டவுனில் குடோனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நீயும் வருவேன் என்று வீட்டில் அழுததால், தம்பி யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு உன்னைக் கூட்டி வரப் போனான். முந்தின வாரம் அதே மலையில் அவன் வண்டி என்னை முந்திப் போய்விட்டிருந்தது. டீக்கடையில் நாலு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அது என் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மூட்டை ஏற்றுகிறவர்களைக் கூப்பிட்டு, "நம்ம வண்டியிலேருந்து எட்டு மூட்டைய எடுத்து அதுல போடுங்க" என்றேன். இரண்டும் ஒரே வீட்டு வண்டி, இறக்குகிற இடமும் ஒன்று. அவர்களுக்கு என்ன வந்தது? போட்டார்கள். என்னுடையதில் இருபத்தேழு, அவனுடையதில் நாற்பத்து மூன்று. முப்பத்தைந்தே அந்த வண்டிகளுக்கு ஜாஸ்திதான். வழக்கமாக அவனவன் தார்ப்பாயை அவனவன் கட்டுவான். அன்றைக்கு அவனுடையதையும் நானே இழுத்துக் கட்டினேன்.

நீ அதில்தான் ஏறப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத இரண்டு முறை பேனாவை வைத்துப் பார்த்தேன். தெரியும் பாப்பா. ஆபத்து என்று நினைக்கவில்லை. மேட்டில் கொஞ்சம் திணறும், பின்தங்கும், நீயும் பார்ப்பாய், அடுத்த முறை என் வண்டியில் ஏறுவாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

தம்பி வந்ததும் பின்சக்கரத்தைப் பார்த்தான். "இன்னாண்ணா, வண்டி இன்னைக்கு ரொம்ப குந்திக்கினு கீதே?"

"உன் வண்டிப் பட்டை அவ்ளோதான்டா. நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன்.

அவன் அண்ணனை நம்பினான். தார்ப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். போளூர் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நான் முன்னால் போனேன். லோடு கம்மி என்பதால் நீலம் குஷியாக ஏறியது. முதல் வளைவில் இரண்டு ஹாரன் அடித்தேன், ஒரு பதில் வந்தது. இரண்டாவதில் வந்தது. மூன்றாவதில் வருவதற்கு நேரம் ஆனது. அதற்கு அடுத்த பெரிய வளைவு தாண்டி நான் இரண்டு அடித்தபோது, கீழேயிருந்து ஒற்றை ஹாரன் வரவில்லை. விடாமல் வந்தது. நீளமாக, நிறுத்தி நிறுத்தி, மறுபடி நீளமாக.

பின்னாளில் பெரிய பெண்ணான பிறகு ஒரு நாள் நீ என்னிடம் கேட்டாய், "நான் அவ்ளோ நேரம் ஹாரன் அடிச்சேனேப்பா, உனக்குக் கேக்கவே இல்லயா?" நான், "காத்து எதிர்ப்பக்கம் அடிச்சதும்மா, கேக்கல" என்றேன். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாய். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. மெதுவாகப் போ, எங்களால் முடியவில்லை என்று தம்பி கெஞ்சுகிறான் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி கியரை மாற்றி மேலே போனேன். மலை மேல் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, டீயும் வடையும் வாங்கிக்கொண்டு, அவன் வந்ததும் எப்படியெல்லாம் கிண்டல் செய்யலாம் என்று வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பைக்கில் வந்த ஒருவர் கடையில் நின்று, "கீழ ஒரு வெள்ள வண்டி நிக்குது. ஆளுக்கு அடி. கூட ஒரு கொழந்த கீது" என்றார். வடை வாயில் இருந்தது. அதைத் துப்பினேனா விழுங்கினேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்து இறங்கி வந்து பார்த்தேன். வளைவின் நடுவில் இழுக்க முடியாமல் இன்ஜின் நின்றிருக்கிறது. அந்த எடைக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்னால் ஊர ஆரம்பித்ததும், பள்ளத்துப் பக்கம் போகாமல் பின்புறத்தை மலைப்பாறைப் பக்கம் திருப்பிவிட்டுத் தம்பி குதித்து, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறான். கல் வழுக்கியது. கல்லும் அவன் வலது பாதமும் சேர்ந்துதான் அந்த வண்டியை நிறுத்தின. சக்கரத்துக்கடியில் காலை வைத்துக்கொண்டே உன்னிடம், "ஒண்ணுமில்ல பாப்பா, விடாம ஹாரன் அடி, அப்பா வந்துடும்" என்றானாம். பிறகு விறகு வெட்டப் போன ஆட்கள்தான் வந்து நெம்பி எடுத்திருக்கிறார்கள். நான் போனபோது துண்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். நீ அவன் மடியில் இருந்தாய். என்னைப் பார்த்ததும், "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலண்ணா" என்பதைத்தான் முதலில் சொன்னான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மேலிருந்து வந்த ஜீப்பில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மறுநாள் நானே மலைக்குப் போய், என் லோடை இறக்கிவிட்டு, ஒற்றை ஆளாக அந்த நாற்பத்து மூன்று மூட்டையையும் என் வண்டிக்கு மாற்றி, இரண்டு நடையாக மேலே சேர்த்தேன். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தோள் உரியத் தூக்கினேன். ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்கள் எப்படி ஆச்சு என்று கேட்டால், தம்பி, "வண்டி இழுக்கல" என்பான். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்த வண்டி மலைக்கு ஆவாதுன்னு அப்பவே சொன்னேன்" என்பேன். கல்யாண வீடு, சாவு வீடு, ஒர்க்ஷாப் என்று எங்கே போனாலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் அந்த வண்டியை வாங்காமல் போனார்களோ. கடைசியில் என் சொந்த மகளே அதை அட்டவணையில் சிவப்பில் எழுதி எனக்கே அனுப்பிவிட்டாள்.

தம்பிக்குக் கால் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. விந்தி விந்தி நடந்தாலும் மறுபடி வண்டி ஓட்டத்தான் செய்தான். ஆனால் நீ அதன் பிறகு அவன் வண்டியில் ஏறவில்லை. அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வா பாப்பா, கடை வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுவான். நீ வீட்டுக்குள் ஓடிவிடுவாய். பிறகு லீவு நாளில் என் கேபினில் வந்து உட்கார ஆரம்பித்தாய். இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. நீ என் வண்டியில் ஏறியபோது எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அடுத்த தை மாதம் அவன் வெள்ளை வண்டியை விற்றுவிட்டு, அடி அண்ணாமலையில் பாதையோரம் சோடாக் கடை போட்டான். பதினெட்டு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

உன் அட்டவணை வந்த பிறகு நான் அவனைப் பார்க்கப் போனேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலை. பாதையெல்லாம் பேப்பர் தட்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிடந்தது, கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் காலி சோடாப் பாட்டில்களைக் கிரேடில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "குந்துண்ணா, டீ சொல்றேன்" என்றான். டீ வரும் முன்னே சொல்லிவிட்டேன். எட்டு மூட்டை, தார்ப்பாய், ஹாரன், எல்லாவற்றையும். அவன் பாட்டில் அடுக்குவதை நிறுத்தவில்லை. கிரேடு நிறைந்ததும் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான். அந்த வலது காலால்.

"அப்ப வண்டி மேல தப்பு இல்லன்ற."

"இல்லடா."

"என் மேலயும் இல்ல."

"இல்ல."

"நான் ஓட்டத் தெரியாம பாப்பாவ சாவடிக்கப் பார்த்தேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்ணா. பாப்பா என்னைப் பார்த்தா ஓடிடும். ஓடறதுதான் சரி, கொழந்தைக்குத் தெரியுது, நான் இனிமே ஸ்டியரிங்க தொடக்கூடாதுன்னு வண்டிய வித்தேன். வாங்கினவன் ஓட்டிக்கினு போறப்ப அந்த வண்டியத் திட்டி அனுப்பினேன்." அவன் குரல் உயரவே இல்லை. "காலு போனா போவுதுண்ணா. அதக் கூட வுடு."

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டான். டீ வந்தது, ஆடை கட்டியது, இரண்டு பேரும் குடிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கிளம்பும்போதுதான் கேட்டான், "பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" "இன்னும் இல்ல, மொதல்ல உன்கிட்டதான் வந்தேன்" என்றேன். "எனக்குச் சொல்லி இன்னா ஆவப் போவுது? அதுகிட்ட சொல்லு" என்றான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு, "அந்த எட்டு மூட்டையோட என் பொண்ணையும் சேத்துதானே ஏத்துனீங்க" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு தட்டில் சோறு விழுகிறது, பேச்சு இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போது இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முழுசாக எழுதுகிறேனா என்று பார்க்கிறாள்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெள்ளை வண்டிக் கம்பெனியை எடு. இப்போது வருகிற மாடல் வேறு, இன்ஜின் வேறு. ஆனாலும் இந்த வாரத்தில் ஒர்க்ஷாப்பில் இரண்டையும் கேட்டு, ஒரு தெரிந்த டிரைவரிடம் வாங்கி ஓட்டியும் பார்த்தேன். அதன் முதல் கியர் இன்னும் குட்டைதான். மலைக்கு அதுதான் சரி. சத்தம் போடும், டீசல் குடிக்கும், காலியாக இறங்கும்போது இடுப்பை உடைக்கும். பொறுத்துக்கொள். அட்டவணையில் முதல் வண்டி என் நீலத்தின் கம்பெனி, அதற்குக் குதிரைசக்தி ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறாய், அது வேலூர் ரோட்டில் வேகமாகப் போக உதவும். லோடோடு வளைவில் நின்று கிளம்புகிற கணக்கு அந்தத் தாளில் எங்குமே இல்லை. தாங்கும் எடை என்று கம்பெனி போட்டிருப்பதற்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்றாதே. நாங்கள் ஏற்றினோம், எல்லோரும் ஏற்றுகிறார்கள், நீ ஏற்றாதே. பட்டை கூட்டிப் போட்டுத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. உன் வண்டியில் ஏறுகிற மூட்டையை நீயே எண்ணு. உன் மேல் உயிரையே வைத்திருக்கிறவன் எண்ணிச் சொன்னாலும், தார்ப்பாய் கட்டும் முன் நீ ஒரு முறை எண்ணிவிடு. வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை பாப்பா, எனக்கு இன்றைக்கும் அதைவிட ருசியான பேச்சு கிடையாது. நான் வண்டியை ஒப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு என் தம்பியோடு என்னை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் நடந்தது.

நேற்று அவனே போன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை. "பாப்பா வண்டி ஓட்டிப் பாக்கப் போவுதாமே, சித்திகிட்ட சொல்லிச்சாம். மலை வரைக்கும் ஓட்டிப் பாக்கணும், ஷோரூம் வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சா ஒண்ணும் தெரியாது. நான் கூட வர்றேன். அது ஓட்டட்டும், நான் பக்கத்துல குந்திக்கறேன்." நானும் வருகிறேன் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவன், "நீ வராத" என்றான். முப்பது வருஷ டிரைவர், சொந்த மகள் எடுக்கிற முதல் வண்டி, நான் வரக் கூடாதாம். சரி என்றேன். அவன் கேட்டு நான் கொடுக்கிற முதல் விஷயம் இது.

அவன் வண்டியில் நீ ஏறாமல் இருந்தது உன் தப்பில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை பயந்தது. ஆனால் அந்தப் பயத்தை அவன் மேல் திருப்பிவிட்டவன் நான், பதினெட்டு வருஷம் அது ஆறாமல் பார்த்துக்கொண்டவனும் நான். இதைப் படித்து முடித்ததும் உனக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்று இருக்கும், திட்ட வேண்டும் என்றும் இருக்கும். முதலில் சித்தப்பாவுக்குப் போன் செய். எனக்கு அப்புறம் செய்தால் போதும். எத்தனை நாள் ஆனாலும், ஏன் செய்யவில்லை என்று உன் அம்மாவை விட்டுக்கூடக் கேட்கச் சொல்ல மாட்டேன்.

அப்பா